மாதம் ஒரு இறகுப்பந்து

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே யாரோ ஒரு சாக்குமூட்டையைக் கொண்டுவந்து விளையாட்டுக்கூடத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தூரத்திலிருந்தே அதைப் பார்த்த வெடுக்கு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மட்டையா இருக்கக்கூடாது... மட்டையா இருக்கவே கூடாது..." என்று முணுமுணுத்துக்கொண்டே மூட்டையின் வாயைப் பிரித்தாள்.

மட்டைகள்தான். மொத்தம் ஒன்பது. ஒன்றின் கைப்பிடி ஆடியது. இன்னொன்றின் வலையில் ஒரு பூனை நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடலாம். மேலே ஒரு சீட்டு இருந்தது. 'வளரும் வீரர்களுக்கு அன்புடன்' என்று அழகான கையெழுத்து.

"அன்பெல்லாம் சரி. அந்த அன்போட ஒரே ஒரு ஷட்டில் சேர்த்து வெச்சா என்னவாம்?" என்று மூட்டையைப் பார்த்துக் கேட்டாள் வெடுக்கு. மூட்டை பதில் சொல்லவில்லை.

அவளுக்குப் பதினோரு வயது. மனதில் பட்டதை வெடுக்கென்று சொல்லிவிடுவாள் என்பதால் தெருவே அவளை வெடுக்கு என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஆசிரியர் அதை இரண்டு தடவை வாசித்தால்தான் அவளுக்கு "உள்ளேன்" என்று சொல்லத் தோன்றும்.

சனிக்கிழமை தோறும் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசப் பேட்மிண்டன் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுப்பவர் கோச் அக்கா. மற்ற நாட்களில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள்.

போன வருடம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, 'ஒரு மட்டைக்கு நான்கு பிள்ளைகள்' என்று எழுதினார். ஊரே உருகிப்போனது. அன்று தொடங்கிய மட்டை மழை இன்னும் விடவில்லை. பரணில் கிடந்தது, கட்டிலுக்கு அடியில் கிடந்தது, வீடு மாற்றும்போது கிடைத்தது என்று எல்லா மட்டையும் இங்கேதான் வந்து சேர்ந்தது.

வெடுக்கு மூட்டையை உள்ளே இழுத்துப் போனாள். கோச் அக்கா எண்ணிப் பார்த்தார்.

"இதோட அறுபத்தொண்ணு," என்றார்.

"ஷட்டில் எத்தனைக்கா?"

கோச் அக்கா ஒரு நீளமான அட்டைக்குழலைக் கவிழ்த்தார். 'டொக்' என்று ஒரே ஒரு இறகுப்பந்து உள்ளங்கையில் விழுந்தது. அதிலும் நான்கு இறகுகள் ஒடிந்திருந்தன.

ஷட்டில் என்பது பாவப்பட்ட பொருள். தக்கையில் பதினாறு இறகுகளைச் செருகி வைத்திருப்பார்கள். மட்டை பல வருடம் உழைக்கும். ஷட்டிலோ நாலு நல்ல அடி வாங்கினால் இறகு கொட்டிவிடும். அதிலும் வெடுக்கின் தோழி பஞ்சு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பஞ்சு அதிகம் பேசமாட்டாள். வலைக்கு அந்தப் பக்கம் அவள் தட்டிவிடும் ஷட்டில் பஞ்சு மாதிரி மெதுவாக விழும். அதற்காகத்தான் அந்தப் பெயர். ஆனால் குதித்து ஓங்கி அடித்தாளோ, ஷட்டில் ஒரு பக்கம், இறகு ஒரு பக்கம்.

அன்று பத்தொன்பது பேரும் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஓர் அடி. அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஐந்தாவது சுற்றில் ஷட்டில் வழி தெரியாத ஆள் மாதிரி வளைந்து வளைந்து போகத் தொடங்கியது. ஆறாவது சுற்றில் பஞ்சு அடித்தாள். தக்கை மட்டும் வலையைத் தாண்டியது.

"போச்சு!" என்றார்கள் எல்லோரும்.

"அக்கா, வேற ஷட்டில் எப்ப வரும்?" என்று கேட்டாள் வெடுக்கு.

கோச் அக்கா உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டே, "வராது," என்றார். "இத்தனை நாளா நான்தான் வாங்கிட்டிருந்தேன். இப்ப கடையில எனக்கு வேலை நேரத்தைப் பாதியாக்கிட்டாங்க. இனிமே முடியாதுடா."

வெடுக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரம் மூன்று ஷட்டில். ஒரு வருடமாக! அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதே இல்லை. அவளும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல, குழலைத் திறந்தால் ஷட்டில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மட்டையெல்லாம் வித்துடலாமே?" என்றான் ஒரு குட்டிப் பையன்.

"இதை யாரு வாங்குவாங்க? சும்மா வேணாம்னுதானே நம்மகிட்ட குடுத்திருக்காங்க," என்றாள் வெடுக்கு.

அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் மேலாளர் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சாவிக்கொத்து வந்துவிடும், அவ்வளவு சத்தம்.

"என்ன, எல்லாரும் உக்காந்திருக்கீங்க?" என்றார். "ஒரு கம்பெனிக்காரங்க சனிக்கிழமை காலையில அவங்க ஆளுங்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்த இடம் கேக்கறாங்க. நீங்க ஆடறவரைக்கும் இது உங்க நேரம். ஆனா ரெண்டு சனிக்கிழமை கூடம் சும்மா கிடந்துதுன்னா அவங்களுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என் மேல வருத்தப்படக்கூடாது."

"நாங்க ஆடுவோம் சார்!" என்றாள் வெடுக்கு.

"எதை வெச்சு?" என்றாள் பஞ்சு, மெதுவாக. அன்று முழுக்க அவள் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். மூன்று மாதத்தில் அவளுக்கு வட்டாரப் போட்டி இருந்தது.

*

அன்று மாலையே வெடுக்கு குடியிருப்போர் சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போனாள். நல்ல மனிதர். கொடுப்பதில் கை தாராளம். ஆனால் எதையும் சின்னதாகச் செய்ய அவருக்குத் தெரியாது.

"தலைவர் சார், எங்களுக்கு ஷட்டில் வேணும். வாரம் மூணு."

"ஷட்டிலா?" தலைவர் சிரித்தார். "சின்ன விஷயம்! நீ பெரிசா யோசிக்கணும் பாப்பா, பெரிசா!"

"பெரிசா வேணாம் சார். இவ்வளவு பெரிசா யோசிச்சாப் போதும்," என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள் வெடுக்கு.

"என்கிட்ட விட்டுடு. அடுத்த சனிக்கிழமை பாரு. அசந்துபோயிடுவ!"

அசந்துதான் போனாள்.

அடுத்த சனிக்கிழமை தலைவர் ஒரு வண்டியில் வந்து இறங்கினார். கூடவே ஒரு போட்டோக்காரர் வந்தார். கூடவே ஒரு கோப்பையும் வந்தது. அதைத் தூக்கிவர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தரையில் வைத்தபோது அது வெடுக்கின் மோவாய் உயரத்துக்கு இருந்தது.

"எப்படி?" என்றார் தலைவர்.

"சார்... ஷட்டில்?"

"ஷட்டில் என்னம்மா, இன்னைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. கோப்பை அப்படியே நிக்கும்ல!"

எல்லோரும் கோப்பையைச் சுற்றி நின்று சிரித்தார்கள். போட்டோக்காரர், "அந்த முன்னாடி நிக்கிற பொண்ணு, கொஞ்சம் சிரிம்மா," என்றார். வெடுக்கு பல்லைக் காட்டினாள். பிற்பாடு அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், அவளுக்குப் பல்வலி என்று நினைத்தார்கள்.

வண்டி போனதும் கூடம் அமைதியானது. கோப்பை ஒன்று. மட்டைகள் அறுபத்தொன்று. ஷட்டில் இல்லை.

"சரி, எந்திரிங்க. ஷட்டில் இருக்கறதா நினைச்சுக்கிட்டு வீசிப் பழகலாம்," என்றார் கோச் அக்கா.

பத்தொன்பது பிள்ளைகளும் வெறும் காற்றை அடித்தார்கள். குதித்தார்கள், குனிந்தார்கள், பின்னால் ஓடினார்கள். குட்டிப் பையன், "அக்கா, இவன் என் ஷட்டில அடிச்சுட்டான்!" என்று புகார் வேறு சொன்னான்.

மேலாளர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன நடக்குது? எல்லாரும் சேர்ந்து ஈ ஓட்டறீங்களா?"

"பயிற்சி சார்," என்றார் கோச் அக்கா.

"ஷட்டில் எங்க?"

மேலாளர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். "இது ஒரு சனிக்கிழமை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

வெடுக்கின் அம்மா சலவைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் வெடுக்கு அங்கேதான் வருவாள். அழுக்குத் துணிக்கு எண் எழுதிய துணிச்சீட்டைக் குத்தி, கூடையில் போடுவது அவள் வேலை. கடைக்குள் எப்போதும் நீராவியும் சோப்பு வாசனையுமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவள் படபடவென்று சீட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். விரலிலும் ஒரு முறை குத்திக்கொண்டாள்.

"துணி உனக்கு என்ன பண்ணுச்சு?" என்றார் அம்மா. "கோவத்தை அதுகிட்ட காட்டாத."

"யார்கிட்ட காட்டறது? எல்லாரும் நல்லவங்களா இருக்காங்களே! அதான் எரிச்சலா இருக்கு! திட்டக்கூட முடியல."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அப்போது பல் டாக்டர் வந்தார். இரண்டு வெள்ளைக் கோட்டுகளை மேசைமேல் வைத்தார். துவைத்த இரண்டு கோட்டுகளை எடுத்துக்கொண்டார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒவ்வொரு செவ்வாயும் அப்படித்தான். யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை, யாரும் ஞாபகப்படுத்தியதில்லை.

வெடுக்கு அந்தக் கோட்டுகளையே பார்த்தாள். பிறகு சுவரில் வரிசையாக இருந்த கொக்கிகளைப் பார்த்தாள். பல் டாக்டருக்கு ஒரு கொக்கி. பஸ் கண்டக்டருக்கு ஒரு கொக்கி. பெரிய கண்ணாடி போட்ட டீச்சருக்கு ஒரு கொக்கி. எல்லாம் வாராவாரம் வருகிறவர்கள்.

சங்கத் தலைவருக்குக் கொக்கி கிடையாது. அவர் வருடத்துக்கு ஒரு தடவை வீட்டிலிருக்கும் எல்லாத் திரைச்சீலைகளையும் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அன்று கடைக்குள் நிற்க இடம் இருக்காது. அப்புறம் அடுத்த வருடம்தான்.

"அம்மா," என்றாள் வெடுக்கு, "தலைவரோட திரைச்சீலையை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியுமா?"

"நல்லாக் கேட்ட போ. மீதி முந்நூத்தி அறுபத்து நாலு நாளும் நான் என்ன பண்றது?"

வெடுக்கு துள்ளி எழுந்தாள். கூடை உருண்டது.

"அதேதான்! எங்களுக்கும் தலைவர் வேணாம்மா. பல் டாக்டர்தான் வேணும்!"

"யாருக்குப் பல்லுவலி?"

"ஐயோ அம்மா!" வெடுக்கு மூச்சு விடாமல் சொன்னாள். ஒருவர் நூறு ஷட்டில் தர வேண்டாம். நிறையப் பேர் ஆளுக்கு ஒன்று தந்தால் போதும். ஆனால் மாதாமாதம் தர வேண்டும். துணி போட வரும்போது ஒரு ஷட்டிலுக்கான காசை மேசைமேல் வைக்கப்போகும் காலி ஷட்டில் குழலில் போட்டுவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை கோச் அக்கா வந்து எடுத்து ஷட்டில் வாங்கிக்கொள்வார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என் கடையில உண்டியலா? வர்ற நாலு பேரும் ஓடறதுக்கா?"

"ஓடமாட்டாங்கம்மா."

"நீ கேக்கற விதத்துல கேட்டா நானே ஓடிடுவேன்டி."

"கேக்கவே மாட்டேன். வாயைத் திறக்கமாட்டேன்."

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. ஆனாலும், "ஒரு மாசம். வாயைத் திறந்தா குழல் தெருவுல கிடக்கும்," என்றார்.

வெடுக்கு காலிக் குழல் ஒன்றை எடுத்து மூடியில் துளை போட்டாள். பக்கத்தில் ஓர் அட்டை வைத்தாள். பெரிய எழுத்தில் எழுதினாள்:

'சனிக்கிழமை வகுப்புக்கு ஷட்டில் வேண்டும். மாதம் ஒன்று போதும். ஆனால் மாதாமாதம் வேண்டும். எங்களிடம் மட்டைகள் இருக்கின்றன. தயவுசெய்து மட்டை தராதீர்கள். தயவுசெய்து.'

அம்மா படித்துவிட்டு, "ரெண்டு 'தயவுசெய்து' எதுக்கு?" என்றார்.

"ரெண்டாவதுதான் முக்கியம்," என்றாள் வெடுக்கு.

முதலில் வந்தவர் பெரிய கண்ணாடி டீச்சர். அட்டையைப் படித்தார். "மட்டை வேணாமா? வீட்டுல ரெண்டு இருக்கே! புதுசு மாதிரியே இருக்கும்."

வெடுக்கு உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்.

டீச்சர் மறுபடியும் படித்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஓ... ரெண்டு தடவை எழுதியிருக்கே!" என்று சொல்லிக் குழலில் காசைப் போட்டார்.

வெள்ளிக்கிழமைக்குள் பதினோரு பேர் சேர்ந்தார்கள். மாலையில் வந்த பஸ் கண்டக்டர், "நானும் சின்ன வயசுல ஆடினவன்தான். அப்ப ஷட்டில் வாங்கக் காசு கிடையாது. காகிதத்தை உருட்டி அடிப்போம்," என்று சொல்லி உற்சாகமாகக் காசைப் போட்டுவிட்டுப் போனார்.

கடை பூட்டும் நேரத்தில் 'சலக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெடுக்கு திரும்பினாள். அம்மா ஒன்றும் தெரியாதவர் மாதிரி விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கோச் அக்கா புதுக் குழலைத் திறந்தபோது கூடமே கத்தியது. மேலாளர் ஓடி வந்தார். சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிட்டாராம். இரண்டு ஆடுகளத்திலும் ஷட்டில் பறப்பதைப் பார்த்து, "ம், சரி," என்று மட்டும் சொன்னார். கம்பெனிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

*

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெடுக்கு சும்மா இருந்தால்தானே!

வாயால் கேட்கமாட்டேன் என்றுதான் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் ஒரு பட்டியல் செய்தாள். பல் டாக்டர், டீச்சர், கண்டக்டர் என்று வரிசையாக எழுதி, மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டாள். கொடுத்தவர்களுக்குப் பச்சை நிறத்தில் ஒரு சரி. அதைக் குழலுக்கு மேலே எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டினாள். தனக்கே அது மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் மாதம் முடியப் போனது. பத்துப் பேருக்குப் பச்சைச் சரி விழுந்திருந்தது. கண்டக்டரின் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அம்மா, கண்டக்டர் மாமா ஏன் வரல?"

"மூணு வாரமா வரல," என்றார் அம்மா. அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. "ஆறு வருஷமா ஒரு வாரம் தவறினதில்ல. கடைசியா வந்தப்ப உன் பட்டியலைப் பார்த்தாரு. துணியை எடுத்துக்கிட்டாரு. புதுத் துணி போடாமயே போயிட்டாரு."

"நான் ஒண்ணுமே கேக்கலையே!"

"வாயால கேக்கல. அதுக்குப் பதிலா சுவத்துல எழுதி ஒட்டிட்ட. எது மேல்?"

வெடுக்கு பட்டியலைப் பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை, நடுவில் ஒரு வெள்ளை. வகுப்பில் கணக்கு வராமல் தான் மட்டும் எழுந்து நின்ற நாள் ஞாபகம் வந்தது. காது சூடாகியது. பட்டியலைக் கிழித்து, நான்காக மடித்து, குப்பைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஏறிய பஸ்ஸில் அதே கண்டக்டர்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிக்கெட்டை நீட்டினார். எப்போதும் கத்தி மாதிரி மடிப்பு நிற்கும் சட்டை இன்று சுருங்கியிருந்தது.

வெடுக்கு எத்தனையோ அழகான வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

"மாமா, உங்க சட்டை கசங்கியிருக்கு."

பக்கத்து இருக்கைக்காரர் களுக்கென்று சிரித்தார். கண்டக்டரின் முகம் இன்னும் சுருங்கியது. வெடுக்குக்குத் தன் வாயையே பூட்டிவிட வேண்டும்போல் இருந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ஒரு நிமிஷம். அந்தப் பட்டியல கிழிச்சுப் போட்டுட்டேன். அது என் தப்பு. அம்மா ஒட்டச் சொல்லல."

கண்டக்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"ஒண்ணுதானேன்னு ஆரம்பிச்சேன் பாப்பா," என்றார். "அப்புறம் வீட்டுல சின்னவனுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. மருந்து, டாக்டர்னு செலவு. நிறுத்திக்கறேன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்தது. எல்லாரும் குடுக்கறாங்க, என் கட்டம் மட்டும் காலியா... அதான் அந்தப் பக்கமே வரல."

"இப்ப அவனுக்கு எப்படி இருக்கு மாமா?"

"தேறிட்டான். நேத்துக் கட்டில் மேல ஏறிக் குதிச்சான்."

"அப்ப நல்லாத் தேறிட்டான்," என்றாள் வெடுக்கு. "மாமா, நீங்க குடுத்த ஷட்டில்ல பஞ்சு ஒரு முழு ஆட்டம் ஆடினா. அது எங்களுக்கு வந்து சேர்ந்துடுச்சு. நீங்க துணி போட வாங்க. குழலைத் திரும்பிக்கூடப் பாக்க வேணாம்."

கண்டக்டர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"ஐயையோ, உன் ஸ்கூல் போயிடுச்சே! விசில் அடிக்க மறந்துட்டேன்!"

வெடுக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, புத்தகப் பையோடு ஓடினாள். முதல் மணி அடித்துவிட்டது. வாசலில் நின்ற ஆசிரியரிடம், "பஸ் கண்டக்டர்கூட முக்கியமாப் பேசிட்டிருந்தேன் சார்," என்று உண்மையைச் சொன்னாள். அவர் நம்பவில்லை.

அன்று மாலை அவள் புது அட்டை எழுதினாள்:

'மாதம் ஒரு ஷட்டில். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். காரணம் சொல்ல வேண்டாம். மறுபடியும் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். யாரும் கணக்குப் பார்க்கமாட்டோம்.'

அம்மா பேனாவை வாங்கிக் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'துணி மட்டும் வாராவாரம் போடவும்.'

கண்டக்டர் அந்த வாரமே வந்தார். அடுத்தடுத்து நான்கு சட்டைகளை மேசைமேல் வைத்தார். எல்லாம் கசங்கியவை. அட்டையை நிதானமாகப் படித்தார். குழலைத் தொடவில்லை. வெடுக்கும் சீட்டைக் குத்துவதிலேயே கண்ணாக இருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், 'நிறுத்தலாம்' என்று எழுதிய பிறகுதான் புதிதாக ஆறு பேர் சேர்ந்தார்கள். "ஆரம்பிச்சா மாட்டிக்குவோமோன்னு பயந்துட்டிருந்தேன்," என்றார் ஒரு தையல்கார அம்மா. "விடலாம்னு தெரிஞ்சதும் தைரியம் வந்துடுச்சு." நான்காம் மாதத்தில் ஒரு மாலை, கண்டக்டர் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது குழலில் 'சலக்' என்றது. அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தார்.

சங்கத் தலைவருக்கும் செய்தி எட்டியது. "மாசம் ஒண்ணா? என் மரியாதை என்ன ஆகறது? நான் மேடை போட்டு முந்நூறு தரேன்!" என்றார்.

"முந்நூறும் காய்ஞ்சு ஒடிஞ்சுபோயிடும் சார். பெட்டியில ரொம்ப நாள் கிடந்தா இறகு தாங்காது," என்றாள் வெடுக்கு. பிறகு கொஞ்சம் யோசித்தாள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். "ஆனா மாசம் ஒண்ணு குடுத்தா, மாசம் ஒரு போட்டோ எடுத்துக்கலாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு போட்டோ!"

தலைவர் விரல் விட்டு எண்ணினார். கண்கள் விரிந்தன. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை போட்டோக்காரரோடு வந்து, ஒரே ஒரு ஷட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி, கோச் அக்காவிடம் ஒப்படைக்கிறார்.

பஞ்சு வட்டாரப் போட்டிக்குப் போய்வந்தாள். இரண்டு ஆட்டத்தில் ஜெயித்து, மூன்றாவதில் தோற்றாள். "எப்படி இருந்துச்சு?" என்று எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"புது ஷட்டில்தான் வெச்சிருந்தாங்க," என்றாள் பஞ்சு. "நம்ம கூடத்துல ஆடற மாதிரியே இருந்துச்சு. பயமா இல்ல." அவளைப் பொறுத்தவரை அது பெரிய சொற்பொழிவு.

இப்போது சனிக்கிழமை வகுப்புக்கு இருபத்தேழு பேர் வருகிறார்கள். குழலை எடுத்துக் கொடுப்பது, ஒடிந்த ஷட்டிலைப் பிரிப்பது, புதிதாக வந்தவர்களை வரிசையில் நிறுத்துவது எல்லாம் வெடுக்கின் பொறுப்பு. "நெருக்காதீங்க! ஒருத்தருக்கு ஒண்ணுதான்! டேய், இறகைப் பிய்க்காத!" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஒரு சனிக்கிழமை பஞ்சு வந்து அவள் கையிலிருந்த குழலைப் பிடுங்கி, குட்டிப் பையனிடம் கொடுத்தாள்.

"ஏய், என்ன பண்ற? அவன் கீழ போட்டுடுவான்!"

"நீ ஆடி எத்தனை வாரம் ஆச்சு?" என்றாள் பஞ்சு.

வெடுக்கு யோசித்தாள். அவளுக்கே நினைவில்லை. பஞ்சு ஒரு மட்டையை அவள் கையில் திணித்து, ஆடுகளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

முதல் ஷட்டில் வெடுக்கின் தலைக்கு மேலே போனது. இரண்டாவது காலடியில் விழுந்தது. மூன்றாவதை அடிக்கப் போய்த் தன் முழங்காலையே அடித்துக்கொண்டாள். "மெதுவா போடுடி!" என்று கத்தினாள். பஞ்சு மெதுவாகப் போடவில்லை. வெடுக்கு முன்னால் ஓடினாள், பின்னால் ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். எப்படியோ ஒரு முறை ஷட்டில் மட்டையின் நட்டநடுவில் பட்டு, 'டப்' என்று பறந்து, பஞ்சு எட்டுவதற்குள் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அந்தச் சத்தம் அவள் கை வழியாக ஏறித் தோள் வரைக்கும் வந்தது.

ஒன்பது மணிக்கு வியர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்தாள்.

"என்னடி, முகமெல்லாம் சிரிப்பு? ஜெயிச்சியா?" என்றார் அம்மா.

"தோத்துட்டேன்மா. இருபத்தொண்ணுக்கு நாலு."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?"

"அந்த நாலும் நானே எடுத்ததும்மா!" என்று சொல்லிவிட்டு, துணி மூட்டைமேல் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்து முடித்தாள் வெடுக்கு.